இரண்டு விஎம்களுக்கு நடுவே ஒரு ரிங் பஃபர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு விஎம்கள் (மெய்நிகர் இயந்திரங்கள்) பகிரும் நினைவகத்தில் ரிங் பஃபர் எழுத உட்காரும் புதியவர்கள் என்னிடம் கொண்டுவரும் சந்தேகங்கள் வருடாவருடம் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஸென் ஹைப்பர்வைசரின் (ஒரே இயந்திரத்தில் பல விஎம்களை ஓட்டும் மென்பொருள்) ரிங்குகளிலிருந்தும் விர்ட்டியோவிலிருந்தும் (மெய்நிகர் சாதனங்களுக்கான பொதுத் தரம்) வருகின்றன. இரண்டும் பல வருடங்கள் ஓடி, அடிபட்டு, திருத்தப்பட்டவை. மூல நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். வரிசையாகப் படிப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல் நிற்கின்றன.

ரிங் பஃபர்னா என்ன? சாதாரண க்யூவிலிருந்து அது எப்படி வேறு?

அளவு மாறாத ஒரு வரிசை, கூடவே இரண்டு எண்கள். ஒருவர் போடுகிறார், ஒருவர் எடுக்கிறார். இதுவரை எத்தனை போட்டாயிற்று என்பது போடும் எண். எத்தனை எடுத்தாயிற்று என்பது எடுக்கும் எண். கடைசி இடம் (ஸ்லாட்) முடிந்தால் மறுபடி முதல் இடம். புதிதாக நினைவகம் ஒதுக்கும் வேலை நடுவில் எங்கும் கிடையாது.

இதில் உயிர்நாடி ஒரே ஒரு விதிதான்: ஒவ்வொரு எண்ணையும் எழுதுபவர் ஒருவர் மட்டுமே. போடும் எண்ணைப் போடுபவர் எழுதுவார், எடுப்பவர் படிக்க மட்டும் செய்வார். எடுக்கும் எண்ணுக்கு இதுவே தலைகீழ். பூட்டு இல்லாமல் ரிங் ஓடுவது இந்த விதியால்தான். கீழே வரும் பல பதில்கள் இங்கேதான் திரும்பி வரும்.

ரெண்டு விஎம்மும் ஒரே மெஷின்லதானே ஓடுது? டிசிபி சாக்கெட் போட்டால் போதாதா?

பல வேலைகளுக்குப் போதும். நொடிக்குச் சில கட்டளைகள் மட்டும் போய்வரும் இடத்தில் டிசிபியோ விசாக்கோ (விஎம்முக்கும் அதை ஓட்டும் ஹோஸ்ட் இயந்திரத்துக்கும் நடுவேயான சாக்கெட்) வைத்துக்கொள்ளுங்கள். ரிங் எழுதி, சோதித்து, பல வருடம் பராமரிக்கும் உழைப்புக்கு அங்கே நியாயம் இல்லை.

ஆனால் அந்த சாக்கெட்டின் அடியில் இருக்கும் மெய்நிகர் நெட்வொர்க் கார்டே ஒரு பகிர்ந்த ரிங்தான். ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு விஎம்மின் நெட்வொர்க் அடுக்கைக் கடந்து, ஹோஸ்ட்டின் பிரிட்ஜைக் கடந்து, அடுத்த விஎம்மின் அடுக்கில் மறுபடி ஏறுகிறது. நடுவில் இருக்கும் அந்த அடுக்குகளின் செலவு உங்கள் வேலைக்கு நிஜமாகவே வலித்தால், அல்லது நீங்கள் அந்த டிரைவரையே எழுதுபவராக இருந்தால், மேலே படியுங்கள்.

ஒரு விஎம்மோட மெமரி இன்னொண்ணுக்குத் தெரியக் கூடாதுங்கறதுதானே விதி? அப்புறம் எப்படிப் பகிர்றாங்க?

ஸென்னில் இதற்கு கிராண்ட் டேபிள் இருக்கிறது. நினைவகப் பக்கத்துக்கு (பேஜ், 4096 பைட் துண்டு) சொந்தக்கார விஎம், 'இந்தப் பக்கத்தை இந்த விஎம் பார்க்கலாம், படிக்க மட்டும்' அல்லது 'எழுதவும் செய்யலாம்' என்று ஒரு பதிவு எழுதி வைக்கும். முதல் பதிப்பில் ஒரு பதிவுக்கு 8 பைட், ஆகவே ஒரு பக்கத்தில் 512 பதிவுகள். அந்தப் பதிவின் எண்ணை ஸென்ஸ்டோர் (விஎம்கள் சேர்ந்து பயன்படுத்தும் சிறு தகவல் களஞ்சியம்) வழியாக மறுபக்கத்துக்குச் சொன்னால், மறுபக்கம் அதைக் காட்டி ஹைப்பர்வைசரிடம் பக்கத்தைத் தன் முகவரி வெளியில் இணைத்துக் கேட்கும். கதவைத் தட்டுவதற்கு, அதாவது மறுபக்கத்தை எழுப்புவதற்கு, தனியாக ஈவென்ட் சேனல் இருக்கிறது.

விஎம்களை ஓட்டும் இன்னொரு மென்பொருளான கியூஎமுவில் ஐவிஷ்மெம் என்ற பிசிஐ சாதனம் உண்டு. அதன் 2-ஆம் பார் (சாதனம் வெளிக்காட்டும் முகவரிப் பகுதி) முழுவதும் பகிர்ந்த நினைவகம், 0-ஆம் பாரில் அழைப்பு மணி ரெஜிஸ்டர். விஹோஸ்ட்-யூசர் முறையில் விஎம்மின் நினைவகமே ஃபைல் டிஸ்கிரிப்டராக யுனிக்ஸ் சாக்கெட் வழியே இன்னொரு ப்ராசஸுக்குக் கொடுக்கப்படுகிறது.

இவற்றுக்குள் ஒரு பெரிய வேறுபாட்டைக் கவனியுங்கள். ஸென்னில் நீங்கள் அனுமதித்த பக்கம் மட்டும்தான் தெரியும். வழக்கமான விஹோஸ்ட்-யூசர் அமைப்பில் விஎம்மின் நினைவகம் முழுவதும் மறுபக்கத்துக்குத் திறந்திருக்கும். இன்னொன்று: அனுமதி எப்போதும் 4096 பைட் பக்கமாகத்தான் போகிறது. ரிங்குக்கு 300 பைட் போதும் என்று மீதி இடத்தில் வேறு தரவை வைத்தால் அதுவும் சேர்ந்தே வெளியே தெரியும்.

ரிங் நிரம்பிடுச்சா காலியா இருக்கான்னு எப்படித் தெரியும்? ரெண்டு நேரத்திலும் எண்கள் ஒண்ணாதானே இருக்கும்?

எண்களை இடத்தின் எண்ணாகவே வைத்து 0, 1, 2... 7, மறுபடி 0 என்று சுற்றவிட்டால் அந்தக் குழப்பம் வரும். அதைத் தவிர்க்க ஓர் இடத்தை எப்போதும் காலியாக விடும் பழக்கம் உண்டு. அதைவிட நல்ல வழி, எண்களைச் சுற்றவே விடாமல் ஏறிக்கொண்டே போகவிடுவது. போட்டதிலிருந்து எடுத்ததைக் கழியுங்கள். 0 வந்தால் காலி, ரிங்கின் அளவு வந்தால் நிறைவு. இடம் தேவைப்படும்போது மட்டும் அளவால் மீதி எடுத்தால் போதும்.

32 பிட் முடிந்து எண் 0-க்குத் திரும்பினாலும் கழித்தல் பிசகாது. எடுத்தது 4294967294, போட்டது சுற்றி வந்து 2 என்றால், குறியில்லா 32 பிட் கழித்தலில் விடை 4. அதாவது நாலு உருப்படி காத்திருக்கிறது. ஸென் 32 பிட் எண்களை வைத்திருக்கிறது. விர்ட்டியோவில் 16 பிட், அங்கே ரிங்கின் உச்ச அளவு 32768.

அளவு ரெண்டின் அடுக்காகத்தான் இருக்கணுமா? 6 இடம், 100 இடம் வெச்சா என்ன?

ஏறிக்கொண்டே போகும் எண்களை வைத்திருந்தால் ஆமாம், இரண்டின் அடுக்காகத்தான் இருக்க வேண்டும். 6 இடம் என்று வைத்துப் பாருங்கள். 4294967295-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 3. அடுத்தது 4-ஆம் இடமாக இருக்க வேண்டும். ஆனால் எண் 0-க்குத் திரும்பிவிட்டதால் 0-ஆம் இடத்துக்குத் தாவிவிடும், யாரும் எடுக்காத உருப்படி மேல் எழுதும். நானூறு கோடி உருப்படிக்கு ஒரு முறை மட்டுமே தலைகாட்டும் பிழை இது. சோதனையில் சிக்காது, வாடிக்கையாளரிடம்தான் சிக்கும்.

சரி, அது ஏன் ஸென்ல டிஸ்க் ரிங்குக்கு 32 இடம், நெட்வொர்க் ரிங்குக்கு 256-ன்னு வருது?

பக்கத்தின் கணக்குதான். 4096 பைட்டில் தலைப்பகுதி 64 போக 4032. வட்டுக்கான ஒரு கோரிக்கை 64 பிட்டில் 112 பைட், ஆகவே 36 கோரிக்கை கொள்ளும். முந்தைய பதிலின்படி இரண்டின் அடுக்குக்கு இறக்கினால் 32. நெட்வொர்க்கில் அனுப்பும் கோரிக்கை 12 பைட்தான், 336 கொள்ளும், இறக்கினால் 256.

ஒரு வட்டுக் கோரிக்கையில் 11 பக்கம், அதாவது 44 கேபி. 32 கோரிக்கைக்கு 1408 கேபி. சுழலும் வட்டுகளின் காலத்தில் இது தாராளம். எஸ்எஸ்டி வந்ததும் போதவில்லை. அதனால்தான் பல பக்க ரிங்குகளும், ஒரு கோரிக்கையே இன்னொரு பக்கத்தில் உள்ள நீண்ட பட்டியலைச் சுட்டும் முறையும் பின்னால் சேர்ந்தன. நீங்கள் புதிதாக வடிவமைத்தால் அளவை முதல் நாளே பேசி முடிவுசெய்யும் மதிப்பாக வையுங்கள், நிரலில் பதித்துவிடாதீர்கள்.

ஸ்லாட்ல பாயின்டரைப் போட்டேன். அந்தப் பக்கம் படிச்சதும் கிராஷ் ஆகுது. ஏன்?

ஒரே பக்கம் இரண்டு விஎம்மிலும் வெவ்வேறு முகவரியில் இணைந்திருக்கிறது. உங்கள் முகவரிக்கு அங்கே அர்த்தமே கிடையாது. பக்கத்தின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்று எழுதுங்கள், அல்லது கிராண்ட் எண்ணை எழுதுங்கள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு தொல்லை, அமைப்பின் உருவம். மேலே சொன்ன 112 பைட் வட்டுக் கோரிக்கை 32 பிட் எக்ஸ்86-இல் 108 பைட்தான், ஏனென்றால் அங்கே 64 பிட் எண் 4 பைட் எல்லையிலேயே உட்காரலாம். 32 பிட் விஎம்மும் 64 பிட் பின்முனையும் (கோரிக்கைகளை வாங்கிச் செய்யும் தரப்பு) பேச வேண்டி வந்தபோது, ஸென்னில் எந்த உருவம் என்பதை ஸென்ஸ்டோரில் தனியாகச் சொல்லவேண்டியதாயிற்று. ஒவ்வொரு புலத்துக்கும் அகலத்தைக் குறிப்பிட்டு, இடைவெளியை நீங்களே நிரப்பி எழுதிவிட்டால் இந்த வேலை மிச்சம்.

தரவை ரிங்குக்குள்ளேயே போடலாமா, வெளியே வெச்சு சுட்டணுமா?

சின்னதாக இருந்தால் உள்ளே. ஸென்னின் கன்சோல் ரிங் வெறும் பைட்டுகள்தான்: உள்வரவுக்கு 1024, வெளிப்போக்குக்கு 2048. வட்டு, நெட்வொர்க் போன்றவற்றில் ரிங்குக்குள் விவரச்சீட்டு மட்டும் போகும், தரவு வேறு பக்கங்களில் கிடக்கும். விர்ட்டியோவின் சீட்டு 16 பைட்: முகவரி 8, நீளம் 4, கொடிகள் 2, அடுத்ததன் எண் 2.

'வெளியே வைத்தால் நகல் எடுக்கும் செலவு மிச்சம்தானே' என்று உடனே கேட்பார்கள். எப்போதும் இல்லை. அடுத்தவரின் பக்கத்தை இணைப்பதும் பிரிப்பதும் மலிவல்ல. பிரிக்கும்போது பல சிபியுக்களின் டிஎல்பியை (முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் கேஷ்) துடைக்க வேண்டியிருக்கும். லினக்ஸின் ஸென் வட்டு டிரைவரில் ஒரு முறை இணைத்த பக்கங்களை அப்படியே வைத்துக்கொண்டு, முன்முனை (கோரிக்கை போடும் தரப்பு) அவற்றில் தரவை நகலெடுத்துப் போடும் வழி 3.8 பதிப்பில் சேர்க்கப்பட்டது. நகலெடுப்பது தோல்வி என்று நினைக்காதீர்கள். பாதுகாப்புக்கும் அது எவ்வளவு உதவுகிறது என்பது பின்னால் வரும்.

எக்ஸ்86-ல மாசக்கணக்கா ஓடின கோட், ஆர்ம் போர்டுல குப்பைத் தரவு தருது. என்ன தப்பு?

பேரியர் இல்லை, அதாவது நினைவக வேலைகளின் வரிசையை மாற்றாதே என்று சிபியுவுக்கும் கம்பைலருக்கும் சொல்லும் கட்டளை இல்லை. போடுபவர் முதலில் ஸ்லாட்டை நிரப்புகிறார், பிறகு போடும் எண்ணை ஏற்றுகிறார். நிரலில் அந்த வரிசை இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தின் கண்ணுக்கும் அதே வரிசையில் தெரிய வேண்டும் என்று ஆர்ம் சிபியுவிடம் நீங்கள் சொல்லவே இல்லை. எண் முதலில் தெரிந்து, ஸ்லாட் பிறகு தெரிந்தால், எடுப்பவர் பழைய குப்பையைத்தான் படிப்பார். நிரப்பியதற்கும் எண்ணை ஏற்றுவதற்கும் நடுவே எழுத்துப் பேரியர் வேண்டும். எடுப்பவர் பக்கம் எண்ணைப் படித்ததற்கும் ஸ்லாட்டைப் படிப்பதற்கும் நடுவே படிப்புப் பேரியர் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் பயனில்லை, இரண்டும் ஜோடியாகத்தான் வேலை செய்யும்.

எக்ஸ்86 எழுத்துகளைத் தங்களுக்குள் வரிசை மாற்றாது, படிப்புகளையும் மாற்றாது. அதனால் அங்கே ஓடியது. கம்பைலருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, ஆகவே எக்ஸ்86-இலும் நீங்கள் தப்பித்தது தற்செயல். வாலடைல் என்று குறித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது கம்பைலரைப் பாதி கட்டிப்போடும், சிபியுவைத் தொடாது.

விஎம்களுக்கே உரிய ஒரு வலையும் இங்கே உண்டு. ஒரே ஒரு சிபியுவுக்காகத் தொகுத்த லினக்ஸ் கெர்னலில் எஸ்எம்பி வகைப் பேரியர்கள் (பல சிபியுக்களுக்கு நடுவே வரிசையைக் காப்பவை) வெறும் கம்பைலர் பேரியராகச் சுருங்கிவிடும். கெர்னலைப் பொறுத்தவரை வேறு சிபியு இல்லை. ஆனால் ரிங்கின் மறுமுனை ஹோஸ்ட்டின் வேறொரு சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கிறது! இதற்காகவே 2016-இல் விர்ட் என்ற முன்னொட்டோடு தனிப் பேரியர்கள் லினக்ஸில் வந்தன. விஎம் ரிங்குக்கு அவற்றையே பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு தடவை போடும்போதும் மறுபக்கத்தைத் தட்டி எழுப்பணுமா?

வேண்டாம். ஒவ்வொரு தட்டலும் பெரும்பாலும் ஹைப்பர்வைசருக்குள் ஒரு பயணம், மறுபக்கத்தில் ஒரு இன்டரப்ட். விழித்து வேலை செய்துகொண்டிருப்பவரைத் தட்டுவது வீண். எடுப்பவர் தூங்கப் போகும் முன் 'இந்த எண்ணைத் தாண்டும்போது மட்டும் எழுப்பு' என்று ஒரு புலத்தில் எழுதி வைப்பார். போடுபவர் தன் எண்ணை ஏற்றியதும், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் நடுவில் அந்தக் குறி விழுகிறதா என்று பார்ப்பார். விழுந்தால் தட்டுவார். ஸென் ரிங்குகளில் இது இயல்பாகவே இருக்கிறது. விர்ட்டியோவில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் இயங்கும் வசதி. கவனியுங்கள், இந்தப் புலத்துக்கும் எழுதுபவர் ஒருவர்தான்.

இன்டரப்டே இல்லாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கலாமா என்றால், டிபிடிகே (வேகமான பாக்கெட் வேலைக்கான மென்பொருள் தொகுப்பு) அப்படித்தான் செய்கிறது. அதற்கு ஒரு சிபியு கோரை முழுதாகக் கொடுத்துவிட வேண்டும். ஹோஸ்ட்டில் கோர்களைவிட விஎம்களின் சிபியுக்கள் அதிகம் என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எப்போவாவது ஒரு தடவை ரெண்டு பக்கமும் சும்மா காத்துக்கிட்டே நிக்குது. புதுசா செய்தி போட்டாலும் எழலை. எங்கே தேடறது?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே நான் மிக அக்கறையோடு பதில் சொல்வது இதற்குத்தான். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இதே பிழை எங்கள் குழுவின் மூன்று வாரத்தைத் தின்றது.

நடப்பது இது. எடுப்பவர் ரிங்கைப் பார்க்கிறார், காலி. 'எழுப்பு' குறியை எழுதிவிட்டுத் தூங்குகிறார். அவர் பார்த்ததற்கும் குறி எழுதியதற்கும் நடுவில் போடுபவர் ஓர் உருப்படியைப் போட்டு, பழைய குறியைப் பார்த்து, தட்டத் தேவையில்லை என்று போய்விடுகிறார். ஆகவே எடுப்பவர் குறியை எழுதிய பிறகு ரிங்கை இன்னொரு முறை பார்த்தே ஆகவேண்டும். ஸென்னின் தலைப்புக் கோப்பில் 'கடைசிச் சரிபார்ப்பு' என்றே அதற்கு ஒரு மேக்ரோ இருக்கிறது.

அதுவும் போதாது. எடுப்பவர் குறியை எழுதிவிட்டுப் போடும் எண்ணைப் படிக்கிறார். போடுபவர் எண்ணை எழுதிவிட்டுக் குறியைப் படிக்கிறார். எழுதிய பிறகு வேறொன்றைப் படிக்கும் இந்த வரிசையை எக்ஸ்86-உம் மாற்றும். படிப்பு முந்திக்கொண்டால் இருவருமே பழைய மதிப்பைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். இரண்டு பக்கமும் முழுப் பேரியர் (எழுத்து, படிப்பு இரண்டையும் சேர்த்துக் கட்டிப்போடுவது) வேண்டும். எழுத்துப் பேரியரோ படிப்புப் பேரியரோ இங்கே உதவாது.

புதிய செய்தி போட்டாலும் ஏன் எழவில்லை? முந்தைய பதிலில் சொன்ன குறியைப் பாருங்கள். தவறவிட்ட உருப்படியோடு போடும் எண் குறியைத் தாண்டிவிட்டது. இனி போடும் எதற்கும் குறி நடுவில் விழாது, ஆகவே தட்டலும் இல்லை. 'தட்டு, தட்டாதே' என்று ஒற்றைக் கொடி மட்டும் உள்ள வடிவமைப்பில் அடுத்த செய்தி இந்தப் பிழையை மூடிமறைத்திருக்கும். குறி எண் உள்ள வடிவமைப்பில் ரிங் அப்படியே உறைந்துபோகும். உறைந்த ரிங்கைப் பார்த்தால் முதலில் இந்த இரண்டு முழுப் பேரியர்களையும் தேடுங்கள்.

ரெண்டும் நம்ம விஎம்தானே, மறுபக்கத்தை நம்பலாம் இல்லையா?

நம்பாதீர்கள். இன்று உங்களுடையது, நாளை அதற்குள் யாராவது நுழைந்தால் ரிங்தான் அடுத்த கதவு. பகிர்ந்த பக்கத்தில் உள்ள எதுவும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறலாம். ஆகவே ஸ்லாட்டை ஒரே ஒரு முறை உங்கள் சொந்த நினைவகத்துக்கு நகலெடுங்கள், நகலைச் சரிபாருங்கள், நகலையே பயன்படுத்துங்கள். சரிபார்த்துவிட்டு மறுபடி பகிர்ந்த பக்கத்திலிருந்து படித்தால், நீங்கள் சரிபார்த்தது ஒன்று, பயன்படுத்தியது வேறொன்று.

'நான் ஒரு முறைதான் படித்தேன்' என்று நீங்கள் எழுதியிருந்தாலும் கம்பைலர் இரண்டு முறை படிக்கலாம். 2015 டிசம்பரில் வெளிவந்த எக்ஸ்எஸ்ஏ-155 என்ற ஸென் பாதுகாப்பு அறிவிப்பு இதைப் பற்றியதுதான். பல பின்முனை டிரைவர்கள் இந்த வகையில் பாதிக்கப்பட்டிருந்தன. நகலெடுப்பதை உறுதிசெய்யும் மேக்ரோக்கள் அதன் விளைவாகச் சேர்ந்தன.

இன்னும் இரண்டு பழக்கம். உங்கள் சொந்த எண்ணைப் பகிர்ந்த பக்கத்திலிருந்து திரும்பப் படிக்காதீர்கள், தனி நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்தின் எண் உங்களுடையதைவிட ரிங்கின் அளவுக்கு மேல் முன்னால் போயிருந்தால் அது பொய், இணைப்பை முறித்துவிடுங்கள். அப்புறம், நீங்கள் எழுதி அனுப்புவதிலும் கசிவு இருக்கும். 2017-இன் எக்ஸ்எஸ்ஏ-216, பதில் அமைப்பின் நிரப்பு பைட்டுகள் வழியே பின்முனையின் ஸ்டாக்கில் கிடந்த தரவு விஎம்முக்குப் போனதைப் பற்றியது. இடைவெளியை நீங்களே நிரப்புங்கள் என்று மேலே சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

நாலு திரெட் ஒரே ரிங்ல போடணும். பகிர்ந்த பக்கத்திலேயே ஒரு பூட்டு வெச்சுக்கலாமா?

கூடாது. பூட்டைப் பிடித்திருக்கும் சிபியுவை ஹோஸ்ட் நடுவில் நிறுத்திவைத்தால் மறுபக்கமும் சேர்ந்து நிற்கும். அந்த விஎம் செத்தால் பூட்டைத் திறக்க ஆளே இல்லை. தவிர, ஒரு புலத்தை எழுத ஒருவர் என்ற விதியையும் அது உடைக்கிறது. பூட்டை உங்கள் விஎம்முக்குள்ளேயே வையுங்கள். மறுபக்கத்துக்கு உங்கள் நாலு திரெட்டும் ஒரே ஆளாகத் தெரிந்தால் போதும். வேகம் வேண்டுமென்றால் சிபியுவுக்கு ஒரு ரிங்.

பதில்கள் நான் போட்ட வரிசையில வரலையே?

வர வேண்டியதில்லை. வட்டு எதை முதலில் முடிக்கிறதோ அதுவே முதலில் வரும். கோரிக்கையில் ஓர் அடையாள எண் வைத்து, பதிலில் அதையே திருப்பி வாங்குங்கள். ஸென்னில் கோரிக்கை இருந்த இடங்களிலேயே பதில்களும் எழுதப்படுகின்றன. அதனால் பதிலுக்கு இடமில்லாமல் போகும் நிலையே வராது. திரும்பி வரும் அடையாள எண்ணை அப்படியே வரிசைக்குள் நுழைக்காதீர்கள். அது எல்லைக்குள் இருக்கிறதா, நிஜமாகவே நிலுவையில் உள்ளதா என்று பாருங்கள். மறுபக்கத்தை நம்பாதீர்கள் என்றது இதற்கும் சேர்த்துத்தான்.

ரிங் ஓடிக்கிட்டிருக்கும்போதே மறுபக்கம் செத்துட்டா, இல்லை விஎம் வேற மெஷினுக்கு மாறிட்டா?

ரிங்கிலிருந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எண் ஏறாமல் நிற்பது சாவா சோம்பலா என்று ரிங்குக்குத் தெரியாது. ஆகவே ரிங்குக்கு வெளியே ஒரு நிலை வேண்டும். ஸென் அதை ஸென்ஸ்டோரில் வைக்கிறது: தொடக்கம், காத்திருப்பு, இணைந்தது, மூடுகிறது, மூடியது என்று இரு தரப்பும் தத்தம் நிலையை எழுதும்.

விஎம் இடம் மாறும்போது பழைய ரிங் அங்கேயே நின்றுவிடும். ஸென்னின் வட்டு முன்முனை ஒவ்வொரு கோரிக்கைக்கும் தன்னிடம் ஒரு நிழல் நகல் வைத்திருக்கிறது. புதிய இடத்தில் புது ரிங் இணைந்ததும் பதில் வராதவற்றை மறுபடி போடுகிறது. ஒரே இடத்தில் ஒரே தரவை இரண்டு முறை எழுதினாலும் கெடாது என்பதால் வட்டுக்கு இது சரி. உங்கள் செய்திகள் 'கணக்கில் நூறு ரூபாய் கூட்டு' மாதிரி இருந்தால் இரட்டிப்பைக் கண்டுபிடிக்கும் வழியை நீங்களே சேர்க்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: மறுபக்கம் இன்னும் இணைத்து வைத்திருக்கும் பக்கத்தை வேறு வேலைக்கு விட்டுவிட்டால், அவர் உங்கள் புதிய தரவைப் பார்க்கலாம், கெடுக்கலாம்.

எழுதி முடிச்சுட்டேன். எப்படிச் சோதிக்கறது?

ரிங்கின் அளவை 2 ஆக வைத்து ஓட்டுங்கள். நிரம்புவதும் காலியாவதும் ஒவ்வொரு நொடியும் நடக்கும், தட்டி எழுப்பும் பிழைகள் சீக்கிரம் வெளியே வரும். எண்களை 0-இல் தொடங்காமல் 4294967290-இல் தொடங்குங்கள், சுற்றும் இடம் ஆறே உருப்படியில் வந்துவிடும். எடுப்பவர் குறி எழுதும் இடத்துக்கு முன்னும் பின்னும் சீரற்ற தாமதம் போடுங்கள். வேண்டுமென்றே பொய் எண்களையும் தப்பான அடையாளங்களையும் எழுதும் ஒரு போலி மறுமுனையை எழுதி, ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். இவை எல்லாம் தேறிய பிறகு, அதே சோதனைகளை நிஜமான ஆர்ம் இயந்திரத்தில் முதலிலிருந்து ஓட்டுங்கள்.